சிரப்பிலிருந்து பம்புக்கு

எண்பதுகளில் நம் திண்டிவனம், விழுப்புரம் பக்கம் குழந்தைக்கு இழுப்பு வந்தால் முதலில் வேலியோர ஆடாதொடை, பிறகு மருந்துக்கடை சிரப். இரண்டுக்கும் உறவு உண்டு. ஆடாதொடையில் உள்ள வாசிசின் என்ற சத்தை வைத்து உருவானதுதான் இன்றும் இருமல் சிரப்புகளில் இருக்கும் புரோம்ஹெக்சின்.

டாக்டர் சீட்டில் அன்று அதிகம் இருந்தது தியோஃபிலின். 1888-இல் ஜெர்மானிய அறிஞர் கோசல் தேயிலையிலிருந்து பிரித்தெடுத்தது. மூச்சுக்குழாயைத் தளர்த்தும், ஆனால் அளவு சற்றுக் கூடினாலும் வாந்தி, படபடப்பு, வலிப்பு வரை போகும். சமையலறை ஸ்பூனில் அளந்து ஊற்றிய காலம் அது!

1969-இல் பிரிட்டனில் சால்பியூட்டமால் பம்ப் வந்தது. 1972-இல் பெக்லோமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு பம்ப். சிப்லா 1976-இல் இங்கே ஆஸ்துமா பம்புகளைக் கொண்டுவந்தது. ஆனாலும் சின்னக் குழந்தைகளுக்கு சிரப்தான் தொடர்ந்தது. அழுத்தும் நொடியிலேயே மூச்சை இழுக்க மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரியாதே.

கணக்கைப் பாருங்கள். 5 மில்லி சால்பியூட்டமால் சிரப்பில் 2 மில்லிகிராம் மருந்து. பம்பை ஒருமுறை அழுத்தினால் 100 மைக்ரோகிராம், அதாவது இருபதில் ஒரு பங்கு. சிரப் உடம்பு முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் நெஞ்சுக்கு வருகிறது; கை நடுங்குவதும் பிள்ளை தூங்காததும் அதனால்தான்.

வழி திறந்தது ஸ்பேசர் என்ற குழலும் முகமூடியும். 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலில் துளையிட்டுச் செய்த ஸ்பேசரும் கடைச் சரக்குக்கு ஈடாக வேலை செய்யும் என்று தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் 1999-இல் லான்செட் இதழில் காட்டினார்கள்.

மிச்சம் இருப்பது ஸ்டீராய்டு பயம். அமெரிக்காவில் தினமும் பூடசோனைடு பம்ப் எடுத்த பிள்ளைகளைப் பெரியவர்களாகும்வரை தொடர்ந்து பார்த்தார்கள். உயரத்தில் குறைந்தது சராசரியாக 1.2 செ.மீ. அதுவும் பக்கவிளைவுதான், மறைக்க வேண்டாம். ஆனால் மூச்சுத் திணறி ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதோடு அதை ஒப்பிட வேண்டும். ‘பம்ப் வேண்டாம், மாத்திரை போதும்’ என்று பலர் கேட்டு வாங்கும் மான்டெலுகாஸ்டுக்கு, மனநிலை மாற்றம் வரலாம் என்று அமெரிக்க எஃப்.டி.ஏ. 2020-இல் கடும் எச்சரிக்கை விதித்தது.

நம் குடியிருப்பிலேயே கல்யாண வீட்டில் பிள்ளையைக் குளியலறைக்குள் அழைத்துப்போய்ப் பம்ப் கொடுத்துவிட்டு வரும் அம்மாக்கள் உண்டு. கண்ணாடியை யாரும் ஒளிந்துகொண்டு போடுவதில்லை.