முதல்ல முழிக்கிறவன் கையில் சாவி

நம்ம தாமிரபரணியில மொத்தம் 8 அணைக்கட்டு. மேலே கோடைமேலழகியானில் ஆரம்பித்து கடைசியாக ஸ்ரீவைகுண்டம். மேலே ஒருத்தன் தண்ணியில எதையாச்சும் கலந்துட்டான்னு வைங்க, ஸ்ரீவைகுண்டத்துல எத்தனை பேரைக் காவலுக்குப் போட்டும் பிரயோஜனமில்லை. கம்ப்யூட்டர் கதையும் இதேதான் மக்கா.

சுவிட்சைப் போட்டதும் முதலில் கண் முழிப்பது பயாஸ். அது வட்டின் முதல் 512 பைட்டை எடுத்து நினைவகத்தில் வைத்துவிட்டு, "இனி உன் பாடு"ன்னு ஒதுங்கிக்கும். அந்த 512 பைட்டுக்குப் பேர்தான் பூட் செக்டர். டாஸ், விண்டோஸ் எல்லாம் அதுக்கப்புறம்தான் எழும்பும். ஆண்டிவைரஸ் இன்னும் கீழே, ஸ்ரீவைகுண்டத்தில் நிக்கிற காவலாளி. 1981ல் ஐ.பி.எம். பி.சி. வந்தபோது, அந்த 512 பைட்டை எழுதினது யாருன்னு பயாஸ் கேட்கவே இல்லை.

அந்த ஓட்டையை உலகத்துக்கே காட்டினவங்க நம்ம பக்கத்து நாட்டுக்காரங்க. 1986, லாகூர். பாசித், அம்ஜத்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர், கம்ப்யூட்டர் கடை வச்சிருந்தாங்க. தாங்கள் எழுதின மருத்துவ மென்பொருளைத் திருட்டுத்தனமா நகல் எடுக்கிறவங்களைப் பிடிக்கத்தான் எழுதினோம்னு சொன்னாங்க. 'பிரெய்ன்' வைரஸ். இதுல வேடிக்கை என்னன்னா, உள்ளேயே கடை முகவரி, போன் நம்பர் எல்லாம் எழுதி வச்சிருந்தாங்க! ஃப்ளாப்பியின் உண்மையான பூட் செக்டரை வேறொரு மூலைக்கு நகர்த்திட்டு, அந்த இடத்துல இது உட்கார்ந்துக்கும். யாராவது சோதிக்க வந்தா பழைய பூட் செக்டரை எடுத்துக் காட்டி "எல்லாம் சரியாத்தான் இருக்கு"ன்னு சொல்லிடும். பார்க்கிறவன் கண்ணே வைரஸ் கையில.

அடுத்து நம்ம நாட்டுச் சரக்கு. 1990ல் இந்தியாவில் கண்டுபிடிக்கப்பட்ட 'ஜோஷி'. பிரெய்ன் ஃப்ளாப்பியோட நின்னுது, இது ஹார்ட் டிஸ்க் வரைக்கும் போச்சு. வருஷம் முழுக்க சும்மா இருக்கும். ஜனவரி 5 அன்று திரையில் ஒரு கட்டளை: "ஹேப்பி பர்த்டே ஜோஷி"ன்னு டைப் அடி. அடிச்சாத்தான் கம்ப்யூட்டர் நகரும். மூணு விரலை வச்சு ரீபூட் பண்ணினாலும் போகாது, நினைவகத்தில் ஒட்டிக்கிட்டே இருக்கும். கரன்ட்டையே நிறுத்திட்டு, சுத்தமான டாஸ் ஃப்ளாப்பியைப் போட்டு எழுப்பணும்.

90களில் பாளையங்கோட்டை, வண்ணாரப்பேட்டைப் பக்கம் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனவங்களுக்கு அந்த டாஸ் ஃப்ளாப்பி ஞாபகம் இருக்கும். செருப்பை வெளியே கழட்டிட்டுத்தான் ஏ.சி. ரூமுக்குள்ள போகணும் (வைரஸ் செருப்பு வழியா வருதுன்னு நம்பினவங்களும் உண்டு :-)). சார் மேசை டிராயரில் ஒரே ஒரு ஃப்ளாப்பி பத்திரமா இருக்கும். ஐந்தேகால் அங்குலம்னா ஓரத்து வெட்டில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், மூன்றரைன்னா அந்தச் சின்ன பிளாஸ்டிக் தாழ்ப்பாளைத் தள்ளி வச்சிருக்கும். அதுக்கப்புறம் அதில் யாரும் எழுத முடியாது. என்னைக் கேட்டா, பாமரனுக்குப் புரிந்த ஒரே பூட்டு அதுதான். ஒட்டினதும் நாம, பிரிக்கிறதும் நாம.

1999 ஏப்ரல் 26 அன்று சி.ஐ.ஹெச். வைரஸ் வெடித்தபோது விவகாரம் இன்னும் மேலே, ஊற்றுக்கே போயிடுச்சு. தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் எழுதினது. பூட் செக்டர் வைரஸ் இல்லை, கோப்பு வழியா பரவினதுதான். ஆனா பயாஸ் சிப்பையே அழித்துப் போட்டது. சிப்பை மாத்தாம கம்ப்யூட்டர் எழும்பாது.

இதுக்கு மருந்தை ரெண்டு வருஷம் முன்னாடியே அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அர்பா, ஃபார்பர், ஸ்மித் மூணு பேரும் எழுதி வச்சிருந்தாங்க. 'ஏஜிஸ்' (1997). ஒவ்வொரு கட்டமும் அடுத்தவன் கையெழுத்தைச் சரிபார்த்த பிறகே பொறுப்பை ஒப்படைக்கணும். முதல் கட்டம் மட்டும் யாரும் மாத்த முடியாததா இருக்கணும். இந்த யோசனைதான் 2011ல் யூ.இ.எஃப்.ஐ. விதிகளில் 'செக்யூர் பூட்' ஆச்சு, 2012ல் விண்டோஸ் 8 கூட வீட்டுக்கு வீடு வந்தது.

நல்லதுதான். ஆனா கையெழுத்து யாரோடது? பெரும்பாலான கணினிகளில் மைக்ரோசாஃப்ட்டோடது. லினக்ஸ்காரங்களே 'ஷிம்'னு ஒரு சின்ன நிரலுக்கு அவங்ககிட்டப் போய்க் கையெழுத்து வாங்க வேண்டியதாச்சு. அதையும் தாண்டி 2023ல் 'பிளாக்லோட்டஸ்' உள்ளே நுழைஞ்சது. எப்படி? ஓட்டை உள்ள பழைய விண்டோஸ் பூட் நிரலை வச்சே. கையெழுத்து நிஜம், யாரும் அதை ரத்து பண்ணலை.

இந்தச் சாவிக் கதை நம்ம ஊர்ப் பிள்ளைகள் கைக்கும் வந்தது. 2011 செப்டம்பர் 15ல் ஜெயலலிதா தொடங்கி வைத்த இலவச மடிக்கணினித் திட்டம், 50 லட்சத்துக்கு மேல கொடுத்திருக்காங்க. பிற்கால மாடல்கள் சிலதில் 'தெஃப்ட் டிடரன்ட்'னு ஒரு பூட்டு. கெடு வச்ச ஒரு சான்றிதழ் உள்ளே இருக்கும். கெடு முடிஞ்சா விண்டோஸ் எழும்பும் முன்னாடியே திரை பூட்டிக்கும். அர்ஜென்டினா அரசு 2010லிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த நெட்புக்குகளிலும் இதே பூட்டுதான். விலைக்கு விக்காம இருக்கத்தான் செஞ்சாங்க, நோக்கத்துல தப்பில்லை. ஆனா பிளஸ் டூ முடிச்சு கல்லூரிக்குப் போன மணிமுத்தாறு பிள்ளைக்கு, பரீட்சைக்கு முந்தின நாள் அந்தத் திரை வந்தா? ஃபார்மட் பண்ணினாலும் போகாது, பூட்டு அதுக்கும் மேல இருக்கே. ஜோஷியாவது என்ன டைப் அடிக்கணும்னு திரையிலேயே சொன்னான்.

யார் வீட்டிலாவது அப்படி ஒரு மடிக்கணினி பூட்டிக் கிடந்தா, திரையில தெரியும் ஹார்டுவேர் ஐ.டி., பூட் டிக் ரெண்டையும் எழுதிக்கிட்டு மடிக்கணினி தந்த பள்ளியில் கேளுங்க. அன்லாக் கோடு கிடைக்கும் வரை சும்மா சும்மா ஆன் பண்ணிப் பார்க்காதீங்க. ஒவ்வொரு தடவை எழுப்பும்போதும் பூட் டிக் மாறும், வாங்கின கோடு வீணாப் போயிடும்.