குற்றம் பிறந்த வழி

ஊரில் ஓர் ஆடு காணாமற்போனால், விசாரணைக்கு முன்னரே 'இன்ன ஜாதியான் வேலை' என்று முடிவு கட்டிவிடுவோர் உளர். திருட்டு பிறவிக்குணம் என்னும் இக்கொள்கையை ஆங்கில சர்க்கார் சட்டமாகவே எழுதி வைத்தது. அச்சட்டத்தில் அகப்பட்டோருள் குறவரும் ஒருவர். அதற்கு முன் அவர் எத்தொழில் செய்து வாழ்ந்தனர் என்பதை நம்மவருட் பலர் அறியார்.

சென்னை மாகாணத்துக் குறவருள் ஒரு பிரிவினர்க்கு உப்புக் குறவர் என்றே பெயர். கடற்கரை அளங்களில் உப்பு வாங்கி, கழுதை மேலும் மாட்டின் மேலும் பொதியேற்றி, வண்டித்தடமும் இல்லாத உள்நாட்டுச் சிற்றூர்களுக்குக் கொண்டு செல்வர். உப்பை அளந்து கொடுத்துத் தானியம் பெற்று மீள்வர். மூங்கில் கொண்டு கூடையும் முறமும் முடைந்து விற்போரும் அவருள் உண்டு. உப்பு வேண்டிய ஊர், அவரையும் வேண்டியே இருந்தது.

1805-இல் உப்பு கும்பினியாரின் ஏகபோகமாயிற்று. 1856-இல் சென்னையில் புகைவண்டி ஓடத் தொடங்கிற்று. தண்டவாளம் நீள நீள, பொதிமாடு நாட்கணக்கிற் சுமந்ததைப் புகைவண்டி மணிக்கணக்கில் இறக்கிற்று. பின்னர் வந்தது 1876–78-இன் தாது வருஷப் பஞ்சம். தமிழர் பலரைக் கடல் கடக்கச் செய்த அதே பஞ்சம். கால்நடைகள் மடிந்தன. மாடு செத்தாலும் குடியானவனுக்கு நிலமாவது மிஞ்சும். குறவனுக்கு மிஞ்சியது காடு ஒன்றே. 1882-ஆம் ஆண்டுக் காட்டுச் சட்டம் அதற்கும் வேலியிட்டது. நேற்று வெட்டிய மூங்கிலை இன்று அனுமதியின்றி வெட்டுவதே குற்றமாயிற்று.

அவருள் சிலர் திருடினர், மறைப்பதற்கில்லை. பசித்தவரெல்லாம் திருடுவதில்லையே என்பார் கூற்றும் மெய்யே. குறவருள்ளும் அனைவரும் திருடவில்லை. சட்டம் அவ்வேறுபாட்டைப் பார்க்கவில்லை.

வடநாட்டில் 1871-இல் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் திருத்தப்பெற்றுச் சென்னைக்கும் வந்தது. ஒரு கூட்டத்தார் முழுவதையும் குற்றப் பரம்பரையென அறிவிக்கலாம். அதை எதிர்த்துக் கோர்ட்டில் வழக்காடவும் இயலாது. பெயர் பதியப்பட்டவனிடம் கைரேகை வாங்கலாம். குறித்த வேளையில் ஆஜராகச் சொல்லலாம். எல்லை கடவாமல் தடுக்கலாம். சந்தைக்குச் சந்தை நடந்து பிழைத்தவனை ஓரிடத்திற் கட்டி வைத்து, உழைத்துப் பிழை என்றால் எங்ஙனம் பிழைப்பான்? போலீஸ் பதிவேட்டிற் பெயருள்ளவனை யார் கூலிக்கு அழைப்பார்? பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனிப் பள்ளிகளில் வைக்கவும் அச்சட்டம் இடங்கொடுத்தது. அப்பிள்ளை எந்த வீட்டிற் கன்னம் வைத்தது?

சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947-இல் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, வாடிக்கைக் குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தவென்று அங்கே வேறொரு சட்டம் நிறைவேறிற்று. இந்தியா முழுவதிலும் பழைய சட்டம் ஒழிந்தது 1952-இல்தான்.