செல்லாத தாளும் தீராத கடனும்



பணத்தாள் என்பது ஒரு வாக்குறுதி. அந்த வாக்கு பொய்த்துப்போனால் நேரிடுவது யாதென 1923-ஆம் ஆண்டின் ஜெர்மனி நமக்குக் காட்டுகிறது.

1914 ஆகஸ்டில் உலகப்போர் மூண்டபோது, தாள்பணத்திற்கு ஈடாகப் பொன் அளிக்கும் கடமையை ஜெர்மானிய அரசு நிறுத்திவைத்தது. போர்ச்செலவைப் பெரும்பாலும் கடனாலேயே ஈடுசெய்தது. மக்கள் நாணயங்களைப் பதுக்கினர். சில்லறையின்றித் தவித்த நகராட்சிகள் தாமே சிறு தாள்களை அச்சிட்டன. ‘நோட்கெல்ட்’, அதாவது நெருக்கடிக்காலப் பணம், என்று அவை அழைக்கப்பட்டன.

1923 ஜனவரியில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூர் பகுதிக்குள் புகுந்தன. ஒத்துழைக்க மறுத்து வேலையை நிறுத்திய தொழிலாளரைத் தாங்குவதற்காக அரசு மேலும் மேலும் பணம் அச்சிட்டது. விலைகள் அதனினும் விரைந்து ஏறியதால், கூலி கொடுக்கவே தாள் போதவில்லை. ஆகவே நகரங்களும் மாவட்டங்களும் இரயில்வேயும் தொழிற்சாலைகளும் தத்தம் பெயரில் நோட்டுகளை வெளியிட்டன. அவற்றுள் பல, ஒருபுறம் மட்டுமே அச்சிடப்பட்டவை. நெசவுக்குப் பெயர்பெற்ற பீலெஃபெல்ட் நகரம் பட்டுத்துணியிலும் அச்சிட்டது.

போருக்கு முன் ஒரு டாலருக்குச் சுமார் 4.2 மார்க். 1923 நவம்பர் 20 அன்றோ 4.2 லட்சம் கோடி மார்க்!

இதனிடையே நவம்பர் 15 அன்று ‘ரென்டன்மார்க்’ என்னும் புதிய பணம் வந்தது. பழைய மார்க் ஒரு லட்சம் கோடிக்குப் புதியது ஒன்று. நாட்டின் நிலமும் தொழில்களும் அதற்கு ஈடென்று அறிவிக்கப்பட்டன. ஆயினும் அந்தத் தாளைக் கொடுத்து ஒருவரும் ஒரு காணி நிலம் கேட்டுப்பெற இயலாது. வெளியிடும் தொகைக்கு வரம்பு குறித்து, அந்த வரம்பைக் காத்ததனாலேயே மக்கள் அதை நம்பினர்.

ஆனால், முன்பே இழந்தவர்கள்? சேமிப்பை நம்பிய முதியோரும் விதவைகளும் வெறுங்கையராயினர். வீட்டை அடகுவைத்துக் கடன் வாங்கியவர்களோ, ஒரு ரொட்டிக்கும் பெறாத தாளைக் கொடுத்துக் கடனை அடைத்தனர். எழுதிய தொகை எழுதியபடியே செலுத்தப்பட்டது. எனினும் அது நேர்மையாகுமா?

1923 நவம்பர் 28 அன்று ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம், நல்லெண்ணமும் நேர்மையும் என்னும் சட்டநெறியைச் சுட்டி, மதிப்பிழந்த தாளால் அத்தகைய கடன் தீர்ந்துவிடாது என்று தீர்ப்பளித்தது. 1925-ஆம் ஆண்டின் சட்டம் அடமானக் கடன்களுக்குப் பொதுவாக நூற்றுக்கு 25 பங்கு மதிப்பை மீட்டளித்தது. அரசுக்குக் கடன் கொடுத்தவர்களுக்குக் கிடைத்ததோ அதனினும் மிகக் குறைவு.

பிரியமானவர்களே, “கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிட்டேன்” என்று நாமும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பெற்றோருக்கும், வேலையாளுக்கும், நம்மை நம்பியவருக்கும் நாம் செலுத்தியது பெயரளவிலான தொகையா, மெய்யான மதிப்பா? பெறுகிறவரின் கையில் என்ன சேர்ந்தது என்பதைக் கொண்டே இவ்வாரம் நம் கணக்கைச் சரிபார்ப்போமாக.