நாரும் மணக்கும்

2021 மே மாதம், காய்ச்சல் விட்ட மூன்றாம் நாள் காலை, அம்மா டீ கொண்டுவந்து கொடுத்தார். சூடு தெரிந்தது. இனிப்பு தெரிந்தது. நாக்கின் ஓரங்களில் லேசான துவர்ப்பு. அதற்குமேல் ஒன்றுமே இல்லை.

"ஏலக்கா தட்டிப் போட்டிருக்கேன்டா, தெரியலயா?"

தெரியவில்லை. டீ என்று நாம் சொல்வதில் நாக்குக்குச் சேரவேண்டியது எவ்வளவு கொஞ்சம் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. மிச்சமெல்லாம் மூக்கினுடையது. என் மூக்கு போயிருந்தது.

இரண்டு மாதம் கழித்தும் வாசனை திரும்பாததால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன். மருந்து எதுவும் எழுதவில்லை, நான்கு குப்பிகளைச் சொன்னார்: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். காலையும் மாலையும் ஒவ்வொன்றாக முகர வேண்டும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து மருத்துவர் தாமஸ் ஹும்மெல் குழுவினர் 2009இல் வெளியிட்ட முறை இது. அவர்களுடைய ஆய்வில் 12 வாரம் செய்தார்கள். ரோஜாக் குப்பியில் ரோஜா கிடையாது, ஃபினைல் எத்தனால் என்ற ஒற்றை வேதிப்பொருள்தான் இருக்கும். மூக்கை எரிக்காது, கண்ணில் நீர் வரவைக்காது. வாசனை நரம்பு வேலை செய்தால் மட்டுமே தெரியும். அதனால் முகர்வுத் திறனைச் சோதிக்கவும் இதையே எடுக்கிறார்கள். ஏமாற்ற முடியாத வாசனை.

எனக்கு அது வெறும் காற்றாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அலமாரியில் ஒரு டப்பா கண்ணில் பட்டது. சீனாவின் குவாங்சோவில் வேலை பார்த்த நண்பன் 2019இல் கொண்டுவந்து கொடுத்தது. 'மெய்குய் ஹோங்சா'. ரோஜா மணம் ஏற்றிய கறுப்புத் தேயிலை. சீனர்கள் கஷாயத்தின் நிறத்தைப் பார்த்து அதைச் சிவப்புத் தேநீர் என்கிறார்கள், நாம் இலையின் நிறத்தைப் பார்த்துக் கறுப்பு என்கிறோம். மூக்கில்லாதவன் வீட்டில் வாசனைத் தேயிலை. சிரிப்பு வந்தது. முகர முடியாததால் அதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

தேயிலைக்கு மணம் ஏற்றுவது சீனாவில் பழைய கலை. மிங் அரசு காலத்தில், 1541இல் கூ யுவான்சிங் பதிப்பித்த தேநீர் நூலில் இதற்கான செய்முறை இருக்கிறது. மல்லிகை, ரோஜா, ஆரஞ்சுப் பூ, ஆர்க்கிட் எனப் பல பூக்களை அது ஏற்றுக்கொள்கிறது. ஆனால் கணக்கு கறாரானது. மூன்று பங்கு தேயிலைக்கு ஒரு பங்கு பூ. பூ கூடினால் தேநீரின் குணம் அமுங்கிவிடும், குறைந்தால் மணம் நிறையாது. ஜாடியில் ஒரு அடுக்கு பூ, ஒரு அடுக்கு தேயிலை என்று மாற்றி மாற்றி நிரப்பி, வாயைக் கட்டி, கொதிநீர்ச் சூட்டில் வைத்து, ஆறவிட்டு, பிறகு தேயிலையை நெருப்பில் உலர்த்த வேண்டும்.

அப்போது இதெல்லாம் பச்சைத் தேயிலைக்கு. கறுப்புத் தேயிலை என்ற வகை ஃபூஜியன் மாகாணத்து வூயி மலைப் பகுதியில் 17ஆம் நூற்றாண்டில்தான் உருவானது. ஆக ரோஜாவும் கறுப்புத் தேயிலையும் சேர்ந்தது அதற்குப் பிறகான கதை.

அந்தப் பட்டறைகளுக்குள் போய்ப் பார்த்து எழுதியவர்களில் முக்கியமானவர் ராபர்ட் ஃபார்ச்சூன். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக மாறுவேடத்தில் சீனாவின் உட்பகுதிக்குள் போய், தேயிலைச் செடிகளை இந்தியாவுக்குக் கடத்திவந்த அதே ஸ்காட்லாந்துக்காரர். 1857இல் வந்த அவருடைய புத்தகத்தில் காண்டன் நகரின் (இன்றைய குவாங்சோதான்) ஒரு பட்டறை வருகிறது. மூலையில் ஆரஞ்சுப் பூக்கள் குவிந்து கிடக்கின்றன, ஒருவர் அவற்றைச் சலித்துக்கொண்டிருக்கிறார். 100 பவுண்டு தேயிலைக்கு 40 பவுண்டு பூ, 24 மணி நேரம் கலந்து கிடக்கும். மணம் ஏற்றப் பயன்படும் பூக்களின் பட்டியலில் அவர் ரோஜாவையும் வைக்கிறார்.

அதற்கடுத்து அவர் எழுதியிருப்பது என்னை நிறுத்தியது. நேரம் முடிந்ததும் பூக்களைச் சலித்து வெளியே எடுத்துவிடுகிறார்கள். தேயிலையைக் கரி நெருப்பில் மறுபடி காயவைக்கிறார்கள். அந்தக் கட்டத்தில் மணம் லேசாகத்தான் இருக்குமாம். கட்டிவைத்து ஒன்றிரண்டு வாரம் ஆனபின்தான் வெளியே வரும்.

நன்றாகக் காய்ந்த தேயிலை பக்கத்தில் இருக்கும் எதையும் இழுத்துக்கொள்ளும். அதனால்தான் வீட்டில் டீத்தூளைப் பெருங்காய டப்பா பக்கத்தில் வைக்கக்கூடாது என்கிறார்கள். புதுப் பூவின் ஈரமும் அதோடு வரும் மணமும் இலைக்குள் இறங்குகின்றன. பூ வதங்குகிறது, இலை மணக்கிறது. 'பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும்' என்ற நம் பழமொழியைப் பூவுக்கான பாராட்டாகவே கேட்டு வளர்ந்தேன். இங்கே முக்கால்வாசி வேலையை நார்தான் செய்கிறது.

அப்படியானால் டப்பாவில் தெரியும் காய்ந்த இதழ்கள்? பெரும்பாலும் கண்ணுக்கு. காய்ந்த ரோஜாவில் மணம் கொஞ்சம்தான் மிஞ்சும். அது ஏற்கெனவே இலைக்குள் போயிருக்க வேண்டும், அல்லது ஒரு பாட்டிலிலிருந்து வந்திருக்க வேண்டும்.

பாட்டிலின் கதையும் பழையதுதான். பேரரசர் ஜஹாங்கீர் தன் நினைவுக்குறிப்பில் நூர்ஜஹானின் தாய் அஸ்மத் பேகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். பன்னீர் தயாரிக்கையில் சூடான நீரின் மேல் ஆடைபோல மிதந்ததை அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தெடுத்தார். அதுதான் ரோஜா அத்தர், பெயர் 'இத்ர்-எ-ஜஹாங்கீரி'. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஃபினைல் எத்தனால் நீரில் கரையும். எனவே காய்ச்சி வடிக்கும்போது அது எண்ணெயோடு மேலே மிதக்காமல் பெரும்பாலும் நீரிலேயே தங்கிவிடும். கல்யாண வீட்டு வாசலில் நம் மேல் தெளிக்கும் நல்ல பன்னீரும் விலை உயர்ந்த அத்தரும் ஒரே பூவிலிருந்து வந்தும் வேறுவேறாக மணப்பதற்கு இது ஒரு காரணம். 1900வாக்கில் ஜெர்மன் வேதியியலாளர்கள் ரோஜாவில் இந்தப் பொருளை அடையாளம் கண்டார்கள். இன்று ஆலைகளில் டன் கணக்கில் தயாராகிறது. என் மருத்துவக் குப்பியில் இருந்ததும், மலிவான ரோஜாத் தேயிலைகளில் தெளிக்கப்படும் வாசனைகளில் இருப்பதும் அதுதான்.

மணத்தின் பின்னால் ஏமாற்று ஒளிந்துகொள்ளும் என்ற சந்தேகமும் புதிதல்ல. 1850களில் லண்டன் மருத்துவர் ஆர்தர் ஹில் ஹசல் கடைத் தேயிலைகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். மணம் ஏற்றிய 'கேப்பர்' என்ற உருண்டைத் தேயிலையில் நிறைய மோசடி இருந்தது. தேயிலைத் தூசி, மணல், மாவு, பிசின் எல்லாம் சேர்த்து உருட்டியவை. 'நல்ல தேயிலைக்கு எதுக்கு வாசனை?' என்று இன்றும் சிலர் கேட்பதில் இந்தப் பழைய பயம் இருக்கிறது.

ஆனால் ரோஜா விஷயத்தில் அந்தக் கேள்வி முழுதும் நியாயமில்லை. கறுப்புத் தேயிலைக்குள்ளேயே கொஞ்சம் ரோஜா இருக்கிறது. பறித்த இலையில் மணப்பொருட்கள் சர்க்கரையோடு பிணைந்து மணமில்லாமல் கிடக்கின்றன. இலையை வதக்கி உருட்டும்போது செல்கள் உடைந்து நொதிகள் அந்தப் பிணைப்பை அறுக்கின்றன. விடுபடுபவற்றில் ஜெரானியால் உண்டு, ஃபினைல் எத்தனால் உண்டு. ரோஜாவில் மணப்பவையும் இவைதான். 1870களில் ஆன்ஹுவேய் மாகாணத்தில் உருவான கீமுன் தேயிலை, எந்தப் பூவும் சேராமலே ரோஜாவை நினைவூட்டுவதற்கு ஜெரானியால் முக்கியக் காரணம். நல்ல ரோஜாத் தேநீரில் பூ, இலையில் ஏற்கெனவே இருப்பதோடு போய்ச் சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் நல்ல கலப்பில் இலை எங்கே முடிகிறது, பூ எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கஷ்டம்.

படித்துவிட்டு டப்பாவைத் திறந்தேன். தினமும் மாலை, குப்பிகளை முகர்ந்த பிறகு ஒரு கோப்பை. 3 கிராம் இலை, 150 மில்லி நீர், கொதி அடங்கிய சூடு, இரண்டரை நிமிடம். பாலும் சர்க்கரையும் இல்லை. கூடுதல் நேரம் விட்டால் துவர்ப்பு ஏறுகிறது, இதழ்கள் வெந்து கசப்பும் சேர்கிறது. நாக்குக்குத் தெரிந்த இவற்றை மட்டும் ஒரு நோட்டில் குறித்துவைத்தேன். வாசனைக்கான கட்டம் வாரக்கணக்கில் காலியாகவே கிடந்தது. செப்டம்பரில் அங்கே முதல் சொல் விழுந்தது: 'கருகின ரப்பர்'. வாசனை திரும்பும்போது இப்படிக் கோணலாக வருவது உண்டு என்றார் மருத்துவர். சந்தோஷப்பட வேண்டும் என்றார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.

ரப்பர் மெல்ல மெல்லக் குறைந்தது. டிசம்பரில் ஒரு நாள் குடித்து முடித்த கோப்பையைக் கழுவ எடுத்துப் போனேன். காலிக் கோப்பையை முகர்ந்து பார்ப்பது சீனத் தேநீர்க்காரர்கள் பழக்கம். சூடு ஆறியபின் அடியில் ஒட்டியிருக்கும் மணம்தான் கடைசிவரை நிற்கும் என்பார்கள். பழக்கதோஷத்தில் நானும் மூக்கருகே கொண்டுபோனேன். ஏதோ ஒன்று இருந்தது. என்னவென்று பெயர் வரவில்லை. மறுபடி முகர்ந்தேன், போய்விட்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடி முகர்ந்தபோது வந்தது.

அம்மாவிடம் நீட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கேட்டார்.

"நீ சொல்லு, என்ன வாசம்?"

பெரியப்பா மகள் கல்யாணத்தன்று வாசலில் வெள்ளிச் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. எனக்கு எட்டு வயது. வருகிறவர்கள் மேலெல்லாம் தெளிப்பதுதான் அன்றைக்கு என் வேலை.

"பன்னீர்" என்றேன்.

இப்போதும் எனக்கு எல்லா வாசனையும் திரும்பிவிடவில்லை. கேஸ் கசிந்தால் தெரியாது, பால் திரிந்தால் அம்மாதான் சொல்ல வேண்டும். அந்த டப்பா எப்போதோ காலியாகிவிட்டது. ரோஜா இதழ் ஒன்றுகூட மிச்சமில்லை, மூடியைத் திறந்தால் தகரம் மட்டும் இன்னும் மணக்கிறது.