தமிழ்நாட்டில் எய்ட்ஸ் சிகிச்சை

தமிழ்நாட்டில் எய்ட்ஸ் சிகிச்சை என்பது எச்.ஐ.வி தொற்றுள்ளோருக்கு இம்மாநிலத்தில் வழங்கப்படும் கூட்டு மருந்துச் சிகிச்சையைக் குறிக்கும். இம்மருந்துகள் தீநுண்மி பெருகுவதைத் தடுக்கின்றன. தொற்றை முற்றிலும் நீக்குவதில்லை. எனவே இவற்றை வாழ்நாள் முழுவதும் இடைவிடாது உட்கொள்ள வேண்டும். 1996 முதல் செல்வந்த நாடுகளில் பரவலான இச்சிகிச்சை, விலையின் காரணமாக ஏழை நாட்டு நோயாளிகளுக்குப் பல ஆண்டுகள் எட்டாதிருந்தது.

தொற்று கண்டறியப்படல்

இந்தியாவில் எச்.ஐ.வி தொற்று முதன்முதலாக 1986 இல் சென்னையில் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி நிர்மலா திரட்டிய குருதி மாதிரிகள், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. 1994 இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைக்கப்பட்டது.

விலையும் காப்புரிமையும்

2000 ஆம் ஆண்டளவில் ஒருவருக்கான ஓராண்டுச் சிகிச்சைக்கு 10,000 அமெரிக்க டாலருக்கு மேல் செலவானது. இந்தியாவின் 1970 ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துகளின் செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை வழங்கியது. மருந்துப் பொருளுக்கு வழங்கவில்லை. இதனால் இந்திய நிறுவனங்கள் அதே மருந்தை வேறு செய்முறையில் தயாரிக்க முடிந்தது. 2001 பெப்ரவரியில் சிப்லா நிறுவனம், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு மூன்று மருந்துகள் அடங்கிய சிகிச்சையை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது.

உலக வணிக அமைப்பின் உடன்படிக்கைக்கு இணங்க, 2005 முதல் இந்தியாவிலும் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை வழங்கப்படுகிறது. எனினும், பழைய மருந்தின் வடிவத்தை மட்டும் மாற்றி, அதன் பயன்திறனைக் கூட்டாமல் புதிய காப்புரிமை பெறுவதைச் சட்டத்தின் 3(ஈ) பிரிவு தடுக்கிறது.

இலவசச் சிகிச்சை

விலை குறைந்த பின்னரும் அரசின் இலவசத் திட்டம் உடனே வரவில்லை. இந்திய மருந்துகள் ஆப்பிரிக்க நாடுகளுக்குச் சென்ற காலத்திலும், இந்திய நோயாளிகளில் பெரும்பாலோர் அவற்றைத் தம் பணத்திலேயே வாங்க வேண்டியிருந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று இலவசச் சிகிச்சை தொடங்கியது. முதலில் தொடங்கப்பட்ட மையங்களுள் தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. முதல்நிலை மருந்துகள் பயனளிக்காதோருக்கான இரண்டாம்நிலை மருந்துகள், 2008 சனவரியில் தாம்பரத்திலும் மும்பையிலும் மட்டுமே வழங்கப்படத் தொடங்கின. தொடக்கத்தில் நோயெதிர்ப்பு அணுக்கள் மிகவும் குறைந்தோருக்கே சிகிச்சை கிடைத்தது. 2017 முதல் தொற்று உறுதியான அனைவருக்கும் சிகிச்சை அளிக்கப்படுகிறது.

தொலைவு

சிகிச்சை மையங்கள் பெரும்பாலும் மருத்துவக் கல்லூரிகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் உள்ளன. வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் பரந்துள்ள சவ்வாது மலை போன்ற பகுதிகளில் வாழ்வோருக்கு, மருந்து இலவசமாயினும் பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலி இழப்பும் சுமையாகும். மருந்தை இடையில் நிறுத்தினால் தீநுண்மி அம்மருந்தை எதிர்க்கும் திறன் பெறக்கூடும். இத்தொலைவைக் குறைக்கவே சிறிய மருத்துவமனைகளில் இணைப்பு மையங்கள் அமைக்கப்பட்டன.

உலக நிலை

ஐக்கிய நாடுகளின் எய்ட்ஸ் திட்டத்தின் மதிப்பீட்டின்படி, 2024 இறுதியில் உலகில் 4.08 கோடிப் பேர் எச்.ஐ.வி தொற்றுடன் வாழ்ந்தனர், அவர்களுள் 3.16 கோடிப் பேர் சிகிச்சை பெற்றனர். அவ்வாண்டில் எய்ட்ஸ் தொடர்பான நோய்களால் ஏறத்தாழ 6.3 இலட்சம் பேர் இறந்தனர்.