விதைக்க வந்த கோதுமை

போர்ஃபைரியான்னு தேடினா முதல்ல டிராகுலாதான் வருவார். வெயில் ஆகாது, ரத்தம் சம்பந்தப்பட்ட நோய், அதனால ரத்தக்காட்டேரிக் கதையே இதுல இருந்து வந்திருக்கலாம்னு 1985-ல டேவிட் டால்ஃபின்னு ஒரு வேதியியல் பேராசிரியர் சொன்னார். பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். ஆதாரம்னு பெருசா ஒண்ணும் கிடையாது. இந்த எபிசோட்ல நாம போகப்போறது திரான்சில்வேனியாவுக்கு இல்ல, தென்கிழக்குத் துருக்கிக்கு. தியார்பக்கிர், மார்தின், உர்ஃபா பக்கம்.

1954 வாக்கில் அங்கே அரசாங்கம் விவசாயிகளுக்கு விதைக் கோதுமை கொடுத்தது. கரிப்பூட்டை நோய் வராம இருக்க ஹெக்ஸாகுளோரோபென்சீன்னு ஒரு பூஞ்சைக்கொல்லியால விதைநேர்த்தி பண்ணின கோதுமை. விதைக்க மட்டும்தான், சாப்பிட இல்ல. ஆனா வீட்ல தானியம் தீர்ந்துபோச்சு, மூட்டை மட்டும் கண்ணு முன்னாடி இருக்கு. அரைச்சு ரொட்டி சுட்டுட்டாங்க. “படிக்காதவங்க, அதான்”னு சுலபமா சொல்லிடலாம். எனக்கு அதுல உடன்பாடு இல்ல. பசிக்கிற வீட்டுக்கு விஷம் தடவின உணவை அனுப்பிட்டு, சாப்பிடாதேன்னு சொல்றதெல்லாம் ஒரு பாதுகாப்பு ஏற்பாடா?

அடுத்து என்ன நடந்துச்சுன்னு புரிய கொஞ்சம் வேதியியல் வேணும். ரத்தத்துல ஆக்சிஜனைப் பிடிச்சு வைக்கிற ஹீமை நம்ம உடம்பு எட்டுப் படிகள்ல தயாரிக்குது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி. இந்த மருந்து அஞ்சாவது படியோட நொதியை முடக்கிடும். பைப்லைன்ல ஒரு ஸ்டேஜ் நின்னா முன்னாடி இருக்கிற க்யூ நிரம்பி வழியும்ல, அதேதான். தேங்கின போர்ஃபைரின்கள் தோலுக்கு வந்து சேரும். வெயில் பட்டா அந்த ஒளிச்சக்தியை உறிஞ்சி, சுத்தி இருக்கிற திசுவைச் சிதைக்கும். ஜன்னல் கண்ணாடிகூட இந்த ஒளியைத் தடுக்காது.

பாதிக்கப்பட்டவங்கள்ல பெரும்பாலும் குழந்தைங்க. முகத்துலயும் கையிலயும் கொப்புளம், ஆறினா தழும்பு, தோல் கறுத்து முகமெல்லாம் முடி. சிறுநீர் செந்நிறமாப் போச்சு. ஊர்ல இதுக்கு ‘கரா யாரா’னு பேரு, கறுப்புப் புண். மொத்தம் மூவாயிரத்துக்கும் மேல பாதிப்புன்னு மதிப்பிட்டிருக்காங்க.

கைக்குழந்தைகளுக்கு வந்தது வேற: ‘பெம்பே யாரா’, இளஞ்சிவப்புப் புண். அந்தக் குழந்தைங்க ரொட்டியே சாப்பிடல. விஷம் தாய்ப்பால் வழியாப் போச்சு. அதுல பெரும்பாலான குழந்தைங்க பிழைக்கல. சில கிராமங்கள்ல ரெண்டு வயசுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் ஒரு குழந்தைகூட மிச்சமில்லாம போச்சு.

நோயையும் விதைக் கோதுமையையும் இணைச்சுப் பார்த்தவர் ஜிஹாத் சாம்ங்கிற தோல் மருத்துவர். 1959-ல அந்த மருந்தைப் பயன்படுத்துறது நின்னது. அதே மருந்து எலிக்கும் போர்ஃபைரியாவை உண்டாக்குதுன்னு 1961-ல ஆக்னர், ஷ்மித் ரெண்டு பேரும் காட்டினாங்க. 2001 ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்துல தடைக்கு வந்த முதல் பன்னிரண்டு வேதிப்பொருள்கள்ல இதுவும் ஒண்ணு.

ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே, விஷம் சாப்பிட்டு 20, 30 வருஷம் கழிச்சு, மருத்துவர்கள் 204 பேரைத் தேடிப்போய்ப் பரிசோதிச்சாங்க. தழும்பு அப்படியே இருந்துச்சு. பலருக்குக் கை விரல்கள் வளராம குட்டையா நின்னுபோயிருந்துச்சு. அந்தச் சிறுமிகள் அதுக்குள்ள தாயாகியிருந்தாங்க. அவங்க பால்லயும் ஹெக்ஸாகுளோரோபென்சீன் இருந்துச்சு.