தண்டவாளமும் நிரந்தர முகவரியும்

சாட்டியில் கோச்சி ஓடினதில்லை. தண்டவாள வேலை தேடுகிற தீவான் பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணம் போகவேண்டும்.

1905இல் கொழும்போடு இணைந்த யாழ்ப்பாணப் பாதையைக் காத்தவர்கள், அலவாங்கு பிடித்துச் சல்லிக்கல் அடைத்த கூலித் தொழிலாளர்கள்தாம். 1990 ஜூனில் ஓட்டம் நின்றது. சிலிப்பர் கட்டைகள் பதுங்குகுழிகளுக்குப் போயின. அதே ஆண்டு ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்களைப் புலிகள் சில மணி நேரத்தில் வெளியேற்றினார்கள். பெரும்பாலானோர் புத்தளத்தில் அகதிகளானார்கள்.

பிடுங்கின பாதையை இந்தியக் கடனில் மறுபடி போட்டார்கள். 2014 ஒக்டோபர் 13இல் யாழ்தேவி யாழ்ப்பாணம் வந்தது. பிடுங்கின சனத்தை அப்படி யார் கொண்டுவந்து இருத்தினார்கள்?

வேலை விண்ணப்பத்தில் நிரந்தர முகவரி கேட்பார்கள். கிராம சேவகர் பதிவிலிருப்பவரைத்தான் உறுதிப்படுத்துவார். புத்தளத்தில் பிறந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை அந்தக் கட்டத்தில் எந்த ஊரை எழுதும்? அலவாங்கு தூக்கும் வலு கையிலிருந்தும், வாசல் அங்கேயே மறிபடுகிறது. மீள்குடியேற்றம் என்றால் அந்தக் கட்டத்தை நிரப்பித் தருவதுதான்.